பரண் மேலிருந்த சூட்கேஸ்

கேள்வி: எனக்கு 47 வயது, கணவருக்கு 52. திருமணமாகி 24 வருடங்கள். ஒரே மகள், 21 வயது, படிக்கிறாள். 76 வயது மாமியாரும் எங்களோடு இருக்கிறார். போன மாதம் பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு பழைய சூட்கேஸ் கிடைத்தது. உள்ளே இரண்டு நைட்டி, ஒரு பிளவுஸ், விக், லிப்ஸ்டிக். வேறு பெண் யாரோ என்று நினைத்து நடுங்கிப் போனேன். அப்புறம்தான் அளவைப் பார்த்தேன். பிளவுஸின் அக்குள் தையலைப் பிரித்து, உள்ளே துண்டுத் துணி கொடுத்து, கையாலேயே அவ்வளவு நேர்த்தியாகத் தைத்திருந்தது. சட்டைப் பொத்தான் அறுந்தால் என்னிடம் கொண்டு வந்து நீட்டுகிற மனிதர் அவர். கேட்டதும் அழுதுவிட்டார். சிறு வயதிலிருந்தே இந்த ஆசை இருக்கிறதாம், நான் வெளியூர் போகும்போது மட்டும் உடுத்திப் பார்ப்பாராம். மகளுக்கும் தெரிந்துவிட்டது. "துணிதானேம்மா, அப்பா என்ன கொலையா பண்ணிட்டார்?" என்கிறாள். மாமியாரோ, "எட்டு வயசுல என் பாவாடையைக் கட்டிக்கிட்டு கண்ணாடி முன்னாடி நின்னான். சூடு வெச்சேன். அதோட போயிடுச்சுன்னு நெனச்சேன். வெளியே மூச்சு விடாதே" என்கிறார். கணவர் முன்கையில் உள்ள தழும்பு, குக்கர் ஆவி பட்டது என்றுதான் இத்தனை வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். இது நோயா? மருந்து உண்டா? பெண்ணாக மாறிவிடுவாரா? மகள் சொல்வது சரியா, மாமியார் சொல்வது சரியா? கணவர், பெட்டியை எரித்துவிடுகிறேன் என்கிறார். சரி, எரியுங்கள் என்று சொல்லிவிடட்டுமா?
- பெயர் வேண்டாம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அதற்குத்தான் அவசரம். எரிக்கச் சொல்லாதீர்கள்.

துணி மேல் உள்ள அக்கறையால் சொல்லவில்லை. இந்தப் பழக்கம் உள்ளவர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கிற கதை ஒன்று இருக்கிறது. குற்ற உணர்ச்சி தாங்காமல் ஒருநாள் எல்லாவற்றையும் மூட்டை கட்டிக் குப்பையில் போடுவார்கள், இனி இல்லை என்று சத்தியம் செய்வார்கள். சில மாதம், சில வருடம் ஓடும். பிறகு ஒரு நாள் கடையில் நிற்பார்கள். வாங்கியதை முன்பை விட ஆழமாக ஒளித்து வைப்பார்கள். உங்கள் கணவர் ஏற்கெனவே இரண்டு மூன்று முறை இப்படிச் செய்திருந்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்காது, கேட்டுப் பாருங்கள். பயத்தில் எரிப்பதால் ஆசை எரிந்துபோவதில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கிறது என்கிற ஒரே நல்ல விஷயம்தான் அதில் வீணாகும். அடுத்த பெட்டி பரணில் இருக்காது, நீங்கள் கண்டுபிடிக்கவும் மாட்டீர்கள்.

நோயா என்கிற கேள்விக்கு இன்றைய மருத்துவத்தின் பதில், இல்லை. ஆனால் நீங்கள் இதைக் கேட்டதில் தவறே கிடையாது. ஏனென்றால் உங்கள் கணவர் வாழ்ந்த காலத்தின் பெரும்பகுதியில் மருத்துவமே இதை நோய் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் பத்தாவது பதிப்பில் எதிர்பாலினர் உடை அணிவது இரண்டு இடங்களில் தனித்தனித் தலைப்பாகவே இருந்தது. 2019-ல் ஏற்கப்பட்டு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பதினோராவது பதிப்பில் அந்த இரண்டு தலைப்புகளும் இல்லை. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 2013-லிருந்து வேறு மாதிரி கோடு போடுகிறது. உடை அணிவது தனியாக ஒரு நோய் இல்லை. அதனோடு இணைந்த பாலுணர்வு ஒருவருக்குப் பெரும் மன வேதனையைத் தந்தால், அல்லது அவருடைய வேலையையும் வாழ்க்கையையும் குலைத்தால் மட்டுமே அதற்குச் சிகிச்சை பற்றிய பேச்சு. ஆக, இந்த ஆசையை அழிக்கிற மருந்து என்று ஒன்று கிடையாது. யாராவது மாத்திரை கொடுத்துச் சரி செய்கிறேன் என்றால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். அவருக்குத் தூக்கம் கெட்டிருந்தால், சாக வேண்டும் போலிருக்கிறது என்று பேசினால், அது வேறு. அந்த அழுகையையும் வெட்கத்தையும் பார்க்க மனநல மருத்துவர் வேண்டும், அதையும் தாமதிக்காமல்.

பெண்ணாக மாறிவிடுவாரா என்கிற பயத்தில்தான் பாதிக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. மூன்று வேறு வேறு விஷயங்களை ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம். ஒன்று, எந்த உடை அணியப் பிடிக்கிறது. இன்னொன்று, உள்ளுக்குள் தன்னை ஆணாக உணர்கிறாரா, பெண்ணாகவா என்பது. மூன்றாவது, யார் மேல் ஈர்ப்பு என்பது. திருநங்கையர் விஷயம் இரண்டாவதோடு சேர்ந்தது. எப்போதாவது தனிமையில் உடுத்திப் பார்க்கிற ஆண்களில் பெரும்பாலோர் தங்களை ஆணாகவே உணர்பவர்கள், பெண்கள் மேல் ஈர்ப்பு உள்ளவர்கள், உங்கள் வீட்டைப் போலவே மனைவி, பிள்ளைகள், கடன் தவணை என்று இருப்பவர்கள். இது இன்று நேற்று தெரிந்ததும் அல்ல. பெர்லினில் மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் என்கிற மருத்துவர் 1910-லேயே இப்படிப்பட்டவர்களைத் தனித்தனியாக விசாரித்து, இதையும் தன்பாலீர்ப்பையும் ஒன்றாகக் குழப்பாதீர்கள் என்று எழுதிவிட்டார். அதே சமயம் உங்களுக்குப் பொய் ஆறுதல் சொல்ல எனக்கு விருப்பமில்லை. சிலர், குறைந்த எண்ணிக்கையினர், பல வருடம் கழித்து, 'எனக்கு உடை மட்டும் போதவில்லை, நான் பெண்தான்' என்கிற இடத்துக்கு வருவதுண்டு. உங்கள் கணவர் எந்தப் பக்கம் என்பதை அவரிடம் மட்டும்தான் கேட்க முடியும். கடிதத்தை வைத்து நான் சொல்ல முடியாது, மகளும் சொல்ல முடியாது.

எத்தனை பேருக்கு இது இருக்கும் என்று யோசிப்பீர்கள். ஸ்வீடனில் 1996-ல் 2,450 பேரிடம் நடந்த ஓர் ஆய்வில், எதிர்பாலினர் உடை அணிந்து ஒரு முறையாவது கிளர்ச்சி அடைந்ததாகச் சொன்ன ஆண்கள் 2.8 சதவீதம். கிளர்ச்சியைச் சொன்னவர்கள் மட்டும்தான் இதில் அடக்கம். மனது லேசாகிறது, அமைதியாக இருக்கிறது என்பதற்காக உடுத்துபவர்கள் இந்தக் கணக்கில் வரவே இல்லை.

சரி, இப்போது மகளா, மாமியாரா என்கிற வழக்குக்கு வருவோம். என்னைத் தீர்ப்புச் சொல்லச் சொல்கிறீர்கள். ஆனால் இவர்கள் இருவரும் ஒரே கேள்விக்கு இரண்டு பதில் சொல்லவில்லை. ஆளுக்கொரு கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள். உங்கள் மகள் கேட்டுக்கொண்ட கேள்வி, 'இதனால் யாருக்கு என்ன நஷ்டம்?' மாமியார் கேட்டுக்கொண்டது, 'ஊருக்குத் தெரிந்தால் என் பிள்ளையை என்ன செய்வார்கள்?'

இரண்டாவது கேள்வியை எளிதாக ஒதுக்காதீர்கள். அவர் இளம்பெண்ணாக இருந்த காலத்தில் உலகத்தின் பல மூலைகளில் அது நிஜமான பயம். இன்று எல்லாவற்றுக்கும் தாராளமான நகரம் என்று பெயர் எடுத்த சான் ஃபிரான்சிஸ்கோவில், தன் பாலினத்துக்கு உரியதல்லாத உடையில் வெளியே வருவது 1863-லிருந்து 1974 வரை சட்டப்படி குற்றம். கயானா நாட்டில் 1893-ம் ஆண்டின் சட்டம் ஒன்றை வைத்து 2009-ல் கூடக் கைது செய்து அபராதம் போட்டார்கள். அது செல்லாது என்று கரீபிய நீதிமன்றம் சொன்னது 2018-ல்தான். போலீஸ் ஒரு பக்கம் என்றால், மருத்துவம் இன்னொரு பக்கம். 1960-களில் பிரிட்டனின் மருத்துவமனைகளில், உடை அணியும் பழக்கம் உள்ள ஆண்களுக்கு வாந்தி வரவைக்கும் ஊசியைப் போட்டுவிட்டு, அவர்கள் பெண் உடையில் இருக்கும் படங்களையே திரையில் காட்டினார்கள். இன்னும் சில இடங்களில், உடையைப் போடப் போட மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். வெறுப்பு வந்துவிடும் என்பது கணக்கு. படித்த மருத்துவர்கள் மின்சாரத்தால் செய்ததை உங்கள் மாமியார் ஒரு கரண்டியால் செய்தார். சரி என்று சொல்ல வரவில்லை. எட்டு வயதுக் குழந்தைக்குச் சூடு வைத்தது கொடுமை, எந்தக் காலத்திலும் கொடுமைதான். ஆனால் அது அவர் தனியாகக் கண்டுபிடித்த கொடுமை அல்ல.

மகள் வளர்ந்த உலகம் வேறு. அவளுக்குப் பதினாறு பதினேழு வயதாக இருந்த 2020-ன் கடைசியில் அமெரிக்காவின் வோக் இதழ், ஹாரி ஸ்டைல்ஸ் என்கிற பாடகரை முழுநீள கவுனோடு அட்டையில் போட்டது. அந்த இதழின் அட்டையில் தனியாக வந்த முதல் ஆண் அவர். கொந்தளித்தவர்கள் நிறையப் பேர். ஆனால் அவள் வயதுப் பிள்ளைகள் பலருக்கு அது இன்னொரு போட்டோ, அவ்வளவுதான். நகப்பூச்சு போட்ட பையனும் காதில் கம்மல் போட்ட பையனும் அவள் போனில் தினமும் வந்து போகிறார்கள். துணிக்குப் பாலினம் உண்டு என்பதே அவளுக்குக் கொஞ்சம் பழைய செய்தி.

நடுவில் இருப்பது நீங்களும் உங்கள் கணவரும். எங்கள் தலைமுறை என்று சொல்லிவிடுகிறேன், எனக்கும் ஏறக்குறைய உங்கள் வயதுதான். நமக்குச் சூடு வைக்கவும் தெரியாது, துணிதானே என்று கடந்துபோகவும் தெரியாது. நமக்குத் தெரிந்தது சிரிப்பு. மீசை வைத்தவர் பெண் உடையில் வந்தால் கொட்டகையே சிரிக்கும், நாமும் சிரித்தோம். பக்கத்து சீட்டில் சிரித்துக்கொண்டிருந்த ஒருவருக்கு அந்தச் சிரிப்பு ஒவ்வொன்றும் எச்சரிக்கையாகக் கேட்டிருக்கும் என்று நமக்குத் தோன்றியதே இல்லை. நம் மொழியே அதற்கு ஒத்தாசை செய்திருக்கிறது பாருங்கள். ஆண் பெண் உடையை 'உடுத்தினான்' என்று வாயில் வருவதில்லை, 'வேஷம் போட்டான்' என்றுதான் வருகிறது. வேஷம் என்றாலே பொய் என்றும் ஓர் அர்த்தம் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். உங்களுக்கு முதல் நொடியில் தோன்றியதும் அதுதானே, 'இத்தனை வருடம் என்னிடம் வேஷம் போட்டாரா?'

ஆனால் எதிர்த்திசையில் பாருங்கள். உங்கள் மகள் பேண்ட் சட்டை போட்டுக்கொண்டு போகிறாள், அதை நீங்கள் யாரும் வேஷம் என்று சொல்வதில்லை. அதுவும் சும்மா வந்துவிடவில்லை. பாரீஸில் 1800-ம் ஆண்டு ஓர் உத்தரவு போட்டார்கள், பெண் கால்சட்டை அணிய வேண்டுமென்றால் போலீஸில் அனுமதி வாங்க வேண்டும் என்று. மாடு, குதிரைகளை வரையச் சந்தைகளுக்குப் போய்வந்த ரோசா போன்ஹர் என்கிற ஓவியர் அப்படி அனுமதிச் சீட்டு வாங்கித்தான் உடுத்தினார். பிற்பாடு, போனால் போகிறதென்று, கையில் சைக்கிளோ குதிரையின் கடிவாளமோ இருந்தால் பரவாயில்லை என்று தளர்த்தினார்கள். அந்த உத்தரவு செல்லாது என்று பிரான்ஸ் அரசு அறிவித்தது 2013-ல். அமெரிக்க செனட் அவைக்குள் பெண் உறுப்பினர்கள் பேண்ட் அணியலாம் என்று ஆனது 1993-ல், நீங்கள் பள்ளிப் படிப்பை முடிக்காத வயதில்.

பெண்ணுக்கு அந்தக் கதவு திறந்துவிட்டது, ஆணுக்கு இந்தக் கதவு ஏன் இன்னும் பாதிதான் திறந்திருக்கிறது? என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன், நீங்கள் மறுக்கலாம். பெண் கால்சட்டை போட்டால் ஒரு படி ஏறிவிட்டாள் என்று பார்க்கிறோம். ஆண் பாவாடை கட்டினால் ஒரு படி இறங்கிவிட்டான் என்று பார்க்கிறோம். அந்த அருவருப்புக்கு அடியில் இருப்பது துணி அல்ல, பெண் என்றால் கீழே என்கிற பழைய கணக்கு. உங்கள் மகளுக்கு இது உறைப்பதில்லை என்றால், அந்தக் கணக்கை அவள் ஏற்கவில்லை என்றுதான் அர்த்தம். அந்த அளவுக்கு அவளை நல்லபடியாகத்தான் வளர்த்திருக்கிறீர்கள்.

இதையெல்லாம் வைத்து, காலம் போகப்போக எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். இது நேர்கோடு இல்லை. பிற்காலத்தில் அமெரிக்க அதிபரான ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1884-ல் இரண்டரை வயதில் எடுத்துக்கொண்ட படம் ஒன்று இருக்கிறது. வெள்ளைக் கவுன், தோள் வரை முடி, மடியில் இறகு வைத்த தொப்பி. அன்றைய வழக்கம் அது, சின்னப் பையன்களுக்கும் கவுன்தான். அவருடைய பேரன் காலத்தில் அப்படி ஒரு பையனைப் படம் எடுத்திருந்தால் வீடே அலறியிருக்கும். மேலே சொன்ன ஹிர்ஷ்ஃபெல்ட் இருந்த பெர்லினில், எதிர்பாலினர் உடையில் போகிறவரைக் கைது செய்ய வேண்டாம் என்று போலீஸே சான்று கொடுத்துக்கொண்டிருந்தது. 1933 மே மாதம் நாஜிகள் அவருடைய நிறுவனத்தைச் சூறையாடி, நான்கே நாளில் புத்தகங்களை நகரச் சதுக்கத்தில் கொளுத்தினார்கள். 1920-களில் அங்கே இளைஞனாக இருந்தவன், தன் அப்பாவை விடச் சுதந்திரமாகவும், அவன் தம்பி அவனை விடப் பயந்தும் வாழ்ந்திருப்பான். இன்றும் ஓரிடத்தில் கதவு திறக்கும்போது இன்னோரிடத்தில் சாத்துகிறார்கள். ஆகவே மாமியாரின் 'வெளியே மூச்சு விடாதே'யில் கொஞ்சம் நியாயம் மிச்சம் இருக்கிறது. யாரிடம் சொல்வது என்பது உங்கள் கணவரின் உரிமை. கோபத்தில் உங்கள் அண்ணனிடமோ தோழியிடமோ சொல்லிவிட்டால் திரும்ப வாங்க முடியாது. மனதில் அடைத்து வைக்க முடியவில்லை என்றால் ஓர் ஆலோசகரிடம் சொல்லுங்கள், நாங்கள் அதற்குத்தான் இருக்கிறோம்.

இத்தனைக்கும் நடுவில் உங்கள் கேள்வி ஒன்று விடுபட்டுவிட்டது. மகளின் கேள்வியும் இல்லை, மாமியாரின் கேள்வியும் இல்லை. 'என்னிடம் ஏன் சொல்லவில்லை?' என்பதுதான் உங்களுடையது. துணிதானே என்று மகள் சொல்லும்போது உங்களுக்கு எரிச்சல் வருகிறது என்றால் காரணம் இதுதான். அவளுக்கு அவர் அப்பா, அவருடைய ரகசியத்தால் அவளுக்கு நஷ்டம் எதுவும் இல்லை. உங்களுக்கு அவர் 24 வருடம் பக்கத்தில் படுத்த மனிதர். பழமைவாதி என்று யாரும் சொல்லிவிடுவார்களோ என்று பயந்து உங்கள் காயத்தை விழுங்காதீர்கள். உங்களுக்குக் கோபப்பட உரிமை உண்டு. அந்தக் கோபம் நைட்டி மேலா, மறைத்ததன் மேலா என்பதை மட்டும் பிரித்துக்கொள்ளுங்கள். என்னிடம் வந்த மனைவிமார் பலர் முதல் நாள் உடையைப் பற்றியே பேசுவார்கள். மூன்றாவது முறை வரும்போது, 'நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் ரயில் ஏற்றிவிட்டுச் சந்தோஷமாகக் கையாட்டுவாரே, அது இதற்காகத்தானா?' என்று கேட்பார்கள். வலி அங்கேதான் இருக்கிறது.

அவரும் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும், இந்தப் பத்தியை அவரையே படிக்கச் சொல்லுங்கள். ஐயா, உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் திருமணத்துக்கு முன் சொல்லியிருந்தால் முடிவெடுக்கிற வாய்ப்பு உங்கள் மனைவிக்குக் கிடைத்திருக்கும். நீங்கள் அதை எடுத்துக்கொண்டீர்கள். மன்னிப்புக் கேட்க வேண்டியது உடுத்தியதற்கு அல்ல, இதற்கு. இரண்டையும் சேர்த்து ஒரே அழுகையில் கேட்டால் அவருக்கு எதை மன்னிப்பது என்றே தெரியாது.

அப்புறம் நடைமுறை. நீங்கள் ஏற்றுக்கொள்வதும் கலந்துகொள்வதும் ஒன்றல்ல. அவர் உடுத்துவது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம், ஆனால் அந்த உடையில் அவரைப் பார்க்க விருப்பமில்லை என்றால் பார்க்க வேண்டியதில்லை. படுக்கையறைக்குள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், அதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. உங்கள் துணிகளை அவர் எடுக்கக் கூடாது என்று சொல்வதும் நியாயம். எப்போது, எங்கே, எவ்வளவு செலவு என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். போட்டோ எடுத்து வைத்திருக்கிறாரா, யாருக்காவது அனுப்பியிருக்கிறாரா என்று கேளுங்கள். இதை வைத்து மிரட்டிப் பணம் பறிப்பவர்கள் உண்டு, உடையால் வராத ஆபத்து போன் வழியாக வரும். இவ்வளவும் பேசிய பிறகும் என்னால் முடியாது என்று உங்களுக்குத் தோன்றலாம். சிலருக்கு அப்படித்தான் முடிகிறது, அவர்கள் கெட்டவர்கள் அல்ல. ஆனால் கண்டுபிடித்து ஒரு மாதம்தான் ஆகிறது. ஒரு மாதத்தில் எடுக்கிற முடிவு பெரும்பாலும் அதிர்ச்சி எடுக்கிற முடிவு.

மகளை நடுவராக்காதீர்கள். அவள் அன்பாக இருப்பது பெரிய விஷயம், அதற்காக அப்பாவின் அந்தரங்கத்தையும் அம்மாவின் வருத்தத்தையும் மாறி மாறிச் சுமக்க வேண்டிய வயது இல்லை.

மாமியாரிடம் வாதாடப் போகாதீர்கள். 76 வயதில் தான் செய்தது தப்பு என்று அவர் ஒத்துக்கொள்வாரா, தெரியாது. ஆனால் ஒன்று கவனித்தேன். 44 வருடம் யாரிடமும் சொல்லாததை, நீங்கள் கேட்காமலேயே உங்களிடம் சொல்லியிருக்கிறார். கண்ணாடி, பாவாடை, எட்டு வயது என்று எதையும் அவர் மறக்கவில்லை.

நீங்கள் முதலில் பேச வேண்டியது பெட்டியைப் பற்றி அல்ல, அந்தத் தழும்பைப் பற்றி. மகளும் மாமியாரும் இல்லாத ஒரு மாலையில், போனை வேறு அறையில் வைத்துவிட்டு உட்காருங்கள். கை எப்படிச் சுட்டது என்று கேளுங்கள். குக்கர் என்று அவர் உங்களிடம் சொன்னது எந்த வருடம் என்று எனக்குத் தெரியாது, திருமணமான புதிதில் இருக்கும். அவர் உங்களிடம் சொன்ன முதல் பொய் அதுவாகத்தான் இருக்க வேண்டும், மற்றதெல்லாம் அதன் பின்னால் வந்தவை. அதற்குரிய உண்மையை உங்கள் மாமியார் வாயிலாகக் கேட்டுவிட்டீர்கள். அவர் வாயால் இன்னும் கேட்கவில்லை.